ஐந்தாம் சக்கரத்தையும் மறவாதீர்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

குற்றாலம் என்றவுடன் அருவியும் சாரலும் எல்லோருடைய நினைவிற்கும் வரும். எனக்கு முதலில் நினைவிற்கு வருவது டயர். நண்பர்கள் சிரிக்க வேண்டாம். என் தந்தையார் தென்காசியில் வாடகைக் கார் ஓட்டுபவர். ஆனி, ஆடி, ஆவணி என்னும் மூன்று மாதச் சீசனில் வரும் வருமானத்தில்தான் எங்கள் வீட்டின் ஓராண்டுக் கடன்கள் அடைபடும். என் கல்லூரிச் செலவும் அதிலிருந்தே வருகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் நான் படிக்கும் இயற்பியல், நான்கு டயர்களின்மேல் உருண்டு வந்தது என்றால் அது மிகையன்று.

நான்கு என்று எழுதினேன். அது பிழை. ஐந்து என்று எழுதியிருக்க வேண்டும். அந்தப் பிழையை எங்கள் குடும்பமும் ஒருமுறை செய்தது. அதன் விலையைக் கொடுத்த பிறகே ஐந்தாவதன் அருமை எங்களுக்குப் புரிந்தது.

ஒரு மாலை நேரம்

நான் இக்கல்லூரியில் சேர்ந்த ஆண்டின் சீசன் அது. தென்மலை அணையைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் எங்கள் காரில் திரும்பிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள். சென்னைக்குச் செல்லும் மாலை இரயிலைத் தென்காசியில் பிடிக்க வேண்டியவர்கள். ஆரியங்காவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. புளியரைக்கு மேலே நாமெல்லாம் 'எஸ் வளைவு' என்று சொல்லும் இடத்தில் இறங்கும்போது காரின் பின்பக்கம் தானாகவே வெளியே போயிற்று. என் தந்தையார் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. கார் அரைவட்டம் சுற்றி, பின்சக்கரம் ஓரச் சுவரில் மோதி நின்றது. எதிரே லாரி எதுவும் வராதது அவர்கள் செய்த புண்ணியம்.

ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மோதிய டயர் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னியை வெளியே எடுத்தார்கள். அது கார் வாங்கிய நாளிலிருந்து டிக்கியிலேயே கிடந்தது. எட்டு ஆண்டு வயது. பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் காற்று பாதிகூட இல்லை. பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் தம் வண்டியிலிருந்து காற்று ஏற்றிக் கொடுத்தார். மாட்டிச் சிறிது தூரம் வருவதற்குள் அதுவும் போயிற்று. அந்தக் குடும்பம் மழையில் நனைந்து பஸ் ஏறியது. இரயில் போய்விட்டது. என் தந்தையார் வாடகையை வாங்கவில்லை. வாங்கிய முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மழைத்தண்ணி வழுக்கிட்டு, முப்பதுலதாம்ல வந்தேன்" என்று மட்டும் அன்றிரவு சொன்னார். மழை காரணமன்று, அல்லது மழை மட்டும் காரணமன்று என்பதை நான் முதலாண்டு விசையியல் படித்த பிறகே அறிந்தேன். அதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நான்கு உள்ளங்கைகள்

கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 2,940 நியூட்டன். டயரின் காற்றழுத்தம் 32 பவுண்டு. இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,20,000 நியூட்டன் ஆகும். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். விடை ஏறத்தாழ 134 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அகலம், அவ்வளவுதான்! நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் ஒரு குடும்பமே மலையிறங்கி வருகிறது.

அந்த உள்ளங்கை ரப்பரால் ஆனது. ரப்பர் நமக்கு அயலானது அன்று. செங்கோட்டையைத் தாண்டி மலையின் மேற்குப் பக்கம் இறங்கினால் புனலூர் வழியெங்கும் ரப்பர்த் தோட்டங்கள்தாம். ஆனால் மரத்துப் பால் அப்படியே டயர் ஆவதில்லை. வெறும் ரப்பர் வெயிலில் இளகும்; குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டார். காற்றடைத்த டயரை 1888-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். டயரின் கருமை, அதில் கலக்கும் கார்பன் கரியால் வருவது. அந்தக் கரிதான் ரப்பரைத் தேய்மானத்திலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கிறது.

பட்டன் எதற்கு?

டயரின் மேல் வெட்டுப்பள்ளங்களோடு அமைந்த பகுதியை நம் ஓட்டுநர்கள் 'பட்டன்' என்பார்கள். பட்டன் இருந்தால்தான் பிடிப்பு உண்டு என்று பலரும் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. காய்ந்த சாலையில் மொட்டை டயரும் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்களுக்குப் பள்ளமே இல்லாத டயரை மாட்டுவது இதனாலேயே. ஆபத்தும் இங்குதான் ஒளிந்திருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை டயர் நம்மை ஏமாற்றும். முதல் சாரலில் அதன் வேடம் கலையும்.

பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. நனைந்த சாலையில் டயர் உருளும்போது, இடையில் மாட்டிய நீரைப் பள்ளங்கள் பக்கவாட்டில் தள்ளி, ரப்பருக்குத் தரையைத் தொட வழிவிடுகின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை. வேகம் கூடினால் டயர் நீரின்மேலேயே மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருந்தும் இல்லாதவையே.

பிடிப்புக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம், வேகத்தின் இருமடியை உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்போம். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 எனில் கார் 20 மீட்டரில் நிற்கும். நனைந்து 0.4 ஆனால் 35 மீட்டர். மொட்டை டயரோடு 0.2-க்கு இறங்கினால் 71 மீட்டர். காரின் நிறை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'கனமான வண்டி, வழுக்காது' என்னும் பேச்சு வெறும் பேச்சே.

அளந்து அறிதல்

டயர் தேய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட அளந்து சொல்வதே முறை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், காரின் டயருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்கின்றன. இரு சக்கர வாகனத்திற்கு 0.8 மில்லிமீட்டர். புதிய கார் டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும்.

இதை அறியக் கருவியே தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணக் குறி ஒன்று இருக்கும். அதற்கு நேரே பள்ளத்திற்குள் பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆனால் மழைப் பாதையில் ஓடுபவர்கள் அந்த எல்லைவரை காத்திருப்பது நல்லதன்று. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே பணம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்த அனைவருக்கும் அதன் பின்னால் நீண்டு வரும் மெல்லிய கம்பி நினைவிருக்கும். உருளையின் விட்டத்தையே அளந்துகொண்டிருந்த நாம் அந்தக் கம்பியைப் பயன்படுத்தியதே இல்லை. ஆழம் அளப்பதற்கென்றே உள்ளது அது. ஒன்றைச் சொந்தமாக வாங்கி, சென்ற வைகாசியில் எங்கள் காரின் ஐந்து டயர்களையும் அளந்தேன். முன்னிடம் 2.1, முன்வலம் 2.3, பின்னிடம் 4.6, பின்வலம் 4.4, ஸ்டெப்னி 2.0 மில்லிமீட்டர். வாழ்க்கையில் நான் எடுத்த முதல் பயனுள்ள அளவீடு அதுவே.

ஒரே டயரின் உள்ளேயும் தேய்மானம் ஒன்றுபோல் இராது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் மாட்டினால், புது டயரும் அதே வழியில் போகும்.

தேயாத டயருக்கும் மூப்பு உண்டு. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்திற்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்து ஆண்டுகள் ஆனபின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டுவதும், பத்து ஆண்டுகள் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழித்துவிடுவதும் முறை. இது டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் பொருந்தும். எங்கள் பழைய ஸ்டெப்னியின் கதை நீங்கள் அறிந்ததே.

காற்றின் கணக்கு

டயரின் எதிரிகளில் முதல் எதிரி காற்றுக் குறைவு. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கும். 27 டிகிரியில் 32 பவுண்டு இருந்த டயர் 57 டிகிரிக்குச் சூடானால், வாயு விதிப்படி ஏறத்தாழ 37 பவுண்டு காட்டும். 'காற்று அதிகம்' என்று சிலர் அப்போது திறந்து விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் அதே டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

பஞ்சர் இல்லாமலே டயர் மாதத்திற்கு ஓரிரு பவுண்டு காற்றை இழக்கும். ஸ்டெப்னியும் இழக்கும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? ஆகவே ஸ்டெப்னிக்கு இரண்டு மூன்று பவுண்டு கூட்டியே வைத்து, மாதம் ஒருமுறை மற்ற நான்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னி என்னும் சொல்

இச்சொல்லின் பிறப்புச் சுவையானது. தொடக்கக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் சாலையோரத்திலேயே டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள், பழுதான சக்கரத்தின்மேல் கவ்வ வைத்து ஓட்டும் மாற்று வளையம் ஒன்றைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே பொருளின் பெயராயிற்று. அந்த நிறுவனத்தைப் பலரும் மறந்துவிட்டனர். ஆனால் தென்காசி பஸ் நிலையத்தருகே உள்ள பஞ்சர்க் கடையில் அத்தெருவின் பெயரை இன்றும் நாள்தோறும் கேட்கலாம்.

டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள சிறு வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நகரத்துச் சாலைக்கு அது போதலாம். மலைப்பாதையில் டயரின் பக்கவாட்டே கிழிந்துவிட்டால் பஞ்சர்ப் பெட்டியால் பயனில்லை.

இடம் மாற்றும் கலை

என் அளவீட்டில் முன் டயர்கள் மட்டும் ஏன் அவ்வளவு தேய்ந்தன? இன்றைய சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. எஞ்சினின் பாரம் முன்னே. இழுப்பதும் முன்னே. திரும்புவதும் முன்னே. பிரேக் பிடிக்கும்போது பாரம் சாய்வதும் முன்னே. வீட்டில் மூத்த பிள்ளை எல்லாச் சுமையையும் தாங்குவது போலத்தான்! ஆகவே 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றினால் தேய்மானம் பகிர்ந்துகொள்ளப்படும்.

முன்சக்கர இழுவைக் காருக்கான முறை இது. முன் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னே செல்லும். பின் டயர்கள் குறுக்காக, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி முன்னே வரும். பின்சக்கர இழுவை வண்டியானால் இதற்கு எதிர்: பின் டயர்கள் நேராக முன்னே, முன் டயர்கள் குறுக்காகப் பின்னே.

ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொண்டால் வரிசை இப்படி ஆகும்: முன்னிடம் பின்னிடத்திற்கு, பின்னிடம் முன்வலத்திற்கு, முன்வலம் டிக்கிக்கு, டிக்கியிலிருந்தது பின்வலத்திற்கு, பின்வலம் முன்னிடத்திற்கு. ஒரு தாளில் ஐந்து வட்டமிட்டு அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எந்த டயரிலிருந்து தொடங்கினாலும் ஐந்தாம் மாற்றத்தில் அது புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். இடையில் ஒவ்வொரு டயரும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை உழைத்து, ஒருமுறை டிக்கியில் ஓய்வெடுக்கும். கணித மாணவர்கள் இதை ஐந்தின் சுழல் வரிசைமாற்றம் என்று உடனே கண்டுகொள்வார்கள்.

இதனால் என்ன இலாபம்? ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நான்கை மட்டும் ஓட்டினால் 40,000-இல் நான்கும் முடியும். ஐந்தாவது ஓடாமலே மூப்பெய்தும். ஐந்தையும் சுழற்றினால் மொத்த உழைப்பு ஐந்து நாற்பதாயிரம், அதாவது இரண்டு இலட்சம். அதை நான்கால் வகுத்தால் 50,000. வாங்கிய ஐந்திற்கும் முழுப்பயன் கிடைக்கிறது. ஸ்டெப்னியும் எப்போதும் உயிரோடு இருக்கும்.

விலக்குகள் உண்டு. ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவிலேயே இருக்க வேண்டும். இப்போது பல கார்களில் சிறிய ஸ்டெப்னி வருகிறது. அது பஞ்சர்க் கடைவரை செல்வதற்கு மட்டுமே. அதன்மேல் எழுதியுள்ள வேக எல்லையை மீறக் கூடாது. அதைச் சுழற்சியில் சேர்க்கவும் கூடாது. ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களைப் பக்கம் மாற்றாமல் முன்பின்னாக மட்டுமே மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடம் மாற்றுதல் நோய் வராமல் காக்குமே தவிர, வந்த நோயைத் தீர்க்காது. 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட முன் டயரைப் பின்னே தள்ளிவிட்டு 'இடம் மாற்றினேன்' என்று மனம் ஆறுவது, எங்களுக்கு நேர்ந்ததையே திரும்ப அழைப்பதாகும்.

இரண்டு மட்டும் வாங்க முடிந்தால்?

எங்கள் வீட்டில் நடந்த வழக்கிற்கு இப்போது வருகிறேன். நான் அளந்த கணக்கைக் கேட்ட என் தந்தையார், "இப்பம் ரெண்டு டயருக்குத்தாம்ல கையில துட்டு இருக்கு" என்றார். சரி, அந்த இரண்டையும் எங்கே மாட்டுவது? "முன்னால" என்றார் அவர். முப்பது ஆண்டுப் பழக்கம். நான் "பின்னால போடணும்ப்பா" என்றேன்.

"முன்சக்கரந்தானல வண்டியத் திருப்புது? நல்ல டயரப் பின்னால போட்டு என்னத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வளைவில் வண்டியைத் தாங்குவது பக்கவாட்டு உராய்வு. அது தாங்கக்கூடிய மிகுதியான வேகம், உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வரும். ஆரம் 20 மீட்டர் என்போம். மழையில் நல்ல டயருக்கு உராய்வுக் கெழு 0.4 எனில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரை தாங்கும். தேய்ந்த டயருக்கு 0.3 எனில் 28-க்குள்தான் தாங்கும். இப்போது முன்னே நல்ல டயர், பின்னே தேய்ந்த டயர், வேகம் 30. என்ன ஆகும்? முன்பக்கம் தரையைப் பிடித்துத் திரும்புகிறது. பின்பக்கம் பிடிக்கவில்லை. காரின் ஈர்ப்பு மையத்தைப் பொறுத்து, முன்சக்கர விசையின் திருப்புத்திறனை எதிர்த்து நிற்க வேண்டிய பின்சக்கர விசை போய்விட்டது. ஆகவே கார் பம்பரம்போல் சுழல்கிறது. வால் அறுந்த பட்டம் கிறுகிறுப்பது போலத்தான்.

பின்னே நல்ல டயரும் முன்னே தேய்ந்ததும் இருந்தால்? வழுக்கல் முன்னே தொடங்கும். கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். அதுவும் ஆபத்தே. ஆனால் ஓட்டுநரின் கைக்கு அது உடனே தெரிந்துவிடும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பிடிப்புத் திரும்பும். சுழலும் காரை மீட்கும் திறமை, நூற்றில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். இதனால்தான் முன்சக்கர இழுவையாயினும் பின்சக்கர இழுவையாயினும், இரண்டு புது டயர்களைப் பின்னே மாட்டுங்கள் என்று டயர் நிறுவனத்தார் கூறுகின்றனர்.

என் தந்தையார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு அவருக்குப் புரிந்திராது. முப்பது என்னும் எண் புரிந்தது. விபத்து நடந்த ஆண்டின் வைகாசியில் புதிதாக வாங்கிய இரண்டு டயர்களை அவர் முன்னேதான் மாட்டியிருந்தார். பழைய முன் டயர்கள் பின்னே போயிருந்தன. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம் மழை இல்லியோல..." என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் புது டயர்கள் பின்னே ஏறின. பின்னே இருந்த 4.6-உம் 4.4-உம் முன்னே வந்தன. கழற்றியவற்றில் 2.3 மட்டும் தற்காலிக ஸ்டெப்னி ஆயிற்று. மற்ற இரண்டையும் கழித்தோம். சீசன் முடிந்து கையில் பணம் வந்ததும் ஸ்டெப்னியையும் புதிதாக வாங்கிவிட்டார்.

கழற்றி மாட்டும் முறை

வண்டி வைத்திருப்போர் மட்டுமன்றி, வண்டியில் பயணம் செய்யும் எவரும் இதை அறிந்திருக்கலாம்.

முதலாவதாக, வளைவில் நிறுத்தாமல் சமதளமான ஓரமாகப் பார்த்து நிறுத்துக. ஆட்களை இறக்கிச் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்க. கைப்பிரேக்கைப் போட்டு, கியரிலும் வைக்க. கழற்றும் சக்கரத்திற்கு மூலைக்கு மூலை எதிரான சக்கரத்தின் இருபுறமும் கல் வைக்க. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவரின் வேலை இது.

இரண்டாவதாக, ஜாக்கி ஏற்றுமுன்பே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்துக. சக்கரம் தரையில் இருக்கும்போது உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுழலும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும்.

மூன்றாவதாக, ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் வைத்துத் தூக்குக. வண்டிக்கு அடியில் உடலை நுழைக்காதிருக்க. ஸ்டெப்னியைப் படுக்கையாக வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால், ஜாக்கி நழுவினாலும் அது தாங்கும்.

நான்காவதாக, மாற்றுச் சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் முடுக்குக. வண்டியை இறக்கியபின் ஸ்பேனரால் இறுக்குக. அடுத்தடுத்த நட்டை இறுக்காமல், ஒன்று விட்டு எதிரெதிராக இறுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சாயாமல் அமரும். கார் நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் போதும். வண்டிக்கு வண்டி சிறிது மாறும். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோகிராம் பாரம் தரும் விசை அது. ஸ்பேனர்மேல் ஏறி மிதிப்பது பலமன்று. மரையைக் கெடுக்கும் வேலை. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க.

ஐந்தாவதாக, சக்கரத்திற்கு வைத்த கல்லைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டுச் செல்க. நம் முட்டுக்கல், இரவில் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிருக்கு உலையாகலாம்.

தேய்ந்த டயரின் கதி

கழித்த டயரை வீட்டின் பின்புறம் போடுவது நம் வழக்கம். அதில் தேங்கும் மழைநீர்தான் டெங்குவைப் பரப்பும் கொசுவிற்குத் தொட்டில். போகியன்று கொளுத்தினால் நச்சுப்புகை. பழைய டயர் எடுப்பவரிடம் கொடுப்பதே நலம். லாரி, பஸ் டயர்களுக்கு மேலே புது ரப்பர் ஒட்டி மீண்டும் ஓட்டுவதுண்டு. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-இல் இறங்கிய தொழிலே இந்த மேல்ரப்பர்த் தொழில்தான். ஆனால் சிறு காரின் டயருக்கு அது ஏற்றதன்று.

முடிவாக

நண்பர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் ஏதேனும் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பட்டனை அளந்து பாருங்கள். நான்கு இலக்க எண்ணைப் படித்துப் பாருங்கள். டிக்கியைத் திறந்து, மறந்துபோன அந்த ஐந்தாவதைத் தட்டிப் பாருங்கள். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவர்கள் நாம்; பார்க்கச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

சென்ற சீசன் நல்லபடியாக முடிந்தது. கார் நிறுத்தத்தில் வேறொரு ஓட்டுநர் புது டயர்களை முன்னே மாட்டப் போனாராம். "பின்னால போடு, காரணம் எம் பையன்ட்ட கேளு" என்று என் தந்தையார் சொன்னதாக அவரே வந்து என்னிடம் கூறினார். நான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.